மார்க்கோனியும் ஆபத்துக் குரலும்

கம்பியில்லாத் தந்தியைக் கப்பற் பிரயாணத்திற்கு உற்ற துணையாக்கிய குலியெல்மோ மார்க்கோனியின் சரித்திரத்தை நம்மவர் அதிசயக் கதையாகவே படித்து வருகின்றனர். அதில் நம் படப்பைவாசிகளுக்கும் ஒரு படிப்பினை உண்டு.

மார்க்கோனி 1874-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி இத்தாலியில் பொலோனா நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் ஐரிஷ் மாது. நம் ஜகதீச சந்திர போஸ் 1895-ல் கல்கத்தாவில் கம்பியின்றியே மணியொலிக்கச் செய்து காட்டினார்; ஆயினும் பொருளீட்ட அவர் மனங்கொள்ளவில்லை. மார்க்கோனியோ 1896-ல் இங்கிலாந்து சென்று உரிமைப் பத்திரம் கோரினார். மறு வருஷமே கம்பெனியும் நிறுவினார். 1901 டிசம்பர் 12-ந் தேதி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். 1909-ல் நோபல் பரிசைப் பிரௌனுடன் பகிர்ந்துகொண்டார்.

புகழோடு ஏகபோகமும் வளர்ந்தது. பிறர் கருவி பொருத்திய கப்பல்களோடு செய்தி பரிமாற அவருடைய கம்பெனி மறுத்து வந்தது. 1906-ல் பெர்லினில் கூடிய சர்வதேச மகாநாடு, அவ்வாறு மறுத்தலாகாதென்றும், ஆபத்துச் செய்திக்கே முதலிடமென்றும் விதித்தது. ஆனால் ஆபத்து நேருமுன் வரும் எச்சரிக்கையின் கதி யாது? 1912 ஏப்ரல் 14-ந் தேதி இரவு, பனிக்கட்டியைப் பற்றிக் கலிபோர்னியன் கப்பல் எச்சரித்தபோது, டைட்டானிக்கின் தந்தியாளர் பிரயாணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்புவதில் முனைந்திருந்தார். குறுக்கிட வேண்டாமென்று தடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் கப்பல் மோதிற்று. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். எழுநூறுக்கு மேற்பட்டோர் பிழைத்ததும் அதே கம்பியில்லாத் தந்தியால்தான். பெரிய பிரயாணக் கப்பல்களில் இரவும் பகலும் செவிசாய்த்திருக்க ஆள் வேண்டுமென்ற ஏற்பாடு அதன் பின்னரே வகுக்கப்பட்டது.

மார்க்கோனி 1923-ல் பாசிஸ்டுக் கட்சியில் சேர்ந்ததை நாம் மெச்சவில்லை. 1937 ஜூலை 20-ந் தேதி ரோமாபுரியில் அவர் காலமானார். அவர் தொழில் புகட்டிய பாடம் மட்டும் நிலைத்து நிற்கின்றது: பாதை குறுகியது, நெருக்கடியில் யார் முந்துவதென்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

கைப்பேசிக் கோபுரமும் ஒரே சமயத்தில் ஓரளவு பேச்சுக்களையே தாங்கும். படப்பையைச் சூழ்ந்த ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் கலப்பதை யாவரும் அறிவர். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பல இடங்களில் கைப்பேசிகள் ஊமையாயின. தீயணைப்போர், போலீஸார், 108 வண்டியினர், மீட்புப் படையினர் ஆகியோரின் அழைப்பு நெரிசலில் வரிசையை முந்திச் செல்லவேண்டும். பொதுஜனப் பாதுகாப்புக்கும் பேரிடர் நிவாரணத்திற்கும் உரிய வலையமைப்பைப் பற்றி டிராய் 2018-லேயே சிபார்சு செய்திருக்கின்றது.

இம்முன்னுரிமை கடமைக்கே உரியது; பதவிக்கன்று. மந்திரிகளும் பிரமுகர்களும் அந்தப் பட்டியலில் நுழைந்தால் அது மீண்டும் டைட்டானிக்கின் கதையே ஆகும். ஜனங்கள் உதவி கோரும் 112, 108 அழைப்புக்கள் தடைப்படலாகாது. மின்சாரம் அற்றபோதும் கோபுரம் இயங்க மின்கலமும் டீசலும் சித்தமாயிருத்தல் வேண்டும். கோபுரமே ஓய்ந்துவிட்டால் முன்னுரிமையால் பயன் யாது? சர்க்காரும் கம்பெனிகளும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்குமுன் இவற்றை ஒத்திகை பார்த்து, முடிவை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். இதை வற்புறுத்துவது நம் தொண்டர்களின் கடமையாகும்.