சட்டத்தின் கண்ணில் இல்லாத ஒரு பெண்

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நீங்க உழைச்சு வாங்குற சம்பளம், சட்டப்படி உங்களை அடிக்கிறவருக்கே சொந்தம்னா எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டனின் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது.

1808-ல் லண்டனில் பிறந்தவர். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. 1827-ல், 19 வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரை மணந்தார். அவர் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. சட்டம் தெரிந்த அந்த மனிதர்தான் வீட்டில் கை ஓங்கினார். கரோலின் கவிதையும் நாவலும் எழுதிச் சம்பாதித்தார். ஆனா அன்றைய சட்டத்தில் மனைவிக்குன்னு தனி இருப்பே கிடையாது. அவர் எழுதிச் சம்பாதித்த காசும் கணவருக்குத்தான்.

1836-ல் இருவரும் பிரிந்தார்கள். மூன்று மகன்களையும் ஜார்ஜ் தன்னிடமே வைத்துக்கொண்டார். மனைவியுடன் தகாத உறவு என்று பிரதமர் மெல்போர்ன் பிரபு மீதே வழக்கும் போட்டார். ஜூரி அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் அலசப்பட்டது கரோலினின் மானம். ஆனா அங்கே பேச அவருக்கு உரிமை இல்லை. ஜார்ஜ் தோற்றும் குழந்தைகள் திரும்பக் கிடைக்கவில்லை, விவாகரத்துக்கும் வழியில்லை.

அழுதுட்டு உட்காரலை அவர். சட்டத்தைப் படிச்சார், துண்டு நூல்கள் எழுதினார், உறுப்பினர்களிடம் ஆதரவு தேடினார். 1839-ல் குழந்தைகள் பொறுப்புச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனா அவருடைய பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில். அங்கே அந்தச் சட்டம் செல்லாது! 1842-ல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டான். தாய் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

அதுக்கப்புறமும் பேனாவைக் கீழே வைக்கலை. 1855-ல் விக்டோரியா ராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1857-ல் வந்த திருமண வழக்குச் சட்டம், கைவிடப்பட்ட மனைவி தன் வருமானத்தைத் தானே காத்துக்கொள்ள வழி செய்தது. 1875-ல் ஜார்ஜ் இறக்கும்வரை சட்டப்படி அவர்தான் கணவர். 1877-ல் கரோலின் மறுமணம் செய்து, சில மாதங்களில் காலமானார்.

தனக்குக் கிடைக்காததை அடுத்தவங்களுக்கு வாங்கிக் கொடுத்துட்டுப் போனார். நாளைக்கு உங்க தோழி ஒருத்தி வீட்டுல அடி வாங்குறேன்னு சொன்னா, பொறுத்துப் போன்னு சொல்லிடாதீங்க. அவ சொல்றதைக் கேளுங்க, சட்டம் தெரிஞ்சவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க. கரோலினுக்கு அன்னைக்குப் போக ஒரு வாசல்கூட இல்லை.