பொம்மை வணிகர் ஆஸ்முண்ட் லேர்டால்

உலகத்தாரால் பெரியோர் எனப் போற்றப்படுவோருள் அரசரும் புலவரும் வீரரும் பலர். பொம்மை செய்து விற்ற வணிகர் ஒருவரும் அவ்வரிசையில் இடம்பெறத் தக்கவர் என்றால் சிலர் வியப்பர். நார்வே தேசத்து ஆஸ்முண்ட் லேர்டால் என்பாரது சரிதத்தை அறியுங்கால் அவ்வியப்பு நீங்குமென நம்புகிறோம்.

நார்வேயின் தென்மேற்குக் கரையில் ஸ்டவாங்கர் என்னும் துறைமுக நகரம் உளது. அங்கே 1940-ஆம் ஆண்டில் லேர்டால் ஒரு சிறு வணிக நிலையத்தைத் தொடங்கினார். முதலிற் குழந்தைகளுக்குரிய நூல்களையும் வாழ்த்து அட்டைகளையும் வெளியிட்டார். பின்பு மரத்தினால் விளையாட்டுச் சாமான்கள் செய்தார். மென்மையான பிளாஸ்டிக் வழக்கிற்கு வரவே, அதன் தன்மையை நன்கு கற்று, இயற்கைக் கூந்தலையொத்த கூந்தலுடைய பொம்மைகளைச் செய்து புகழும் பொருளும் ஈட்டினார்.

இங்ஙனம் வாழுங்காலத்து, அவருடைய இரண்டு வயது மகன் நீரில் வீழ்ந்து உயிரற்றவன்போற் கிடந்தான். தந்தையார் விரைந்தெடுத்து, மூச்சுக் குழலை அடைத்த நீரை வெளியேற்ற, பிள்ளை பிழைத்தான். ஒரு நொடியின் அருமையை அன்று அவர் உணர்ந்தார்.

1950-களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பீட்டர் சாபர் என்னும் வைத்தியர், கைகளைத் தூக்கியும் முதுகை அழுத்தியும் சுவாசமூட்டும் பழைய முறைகளைவிட, வாயோடு வாய் வைத்து ஊதுதலே சிறந்ததென நிறுவினார். முறை கிடைத்தது, அதனைப் பயிலுதற்கோ வழியில்லை. உயிருள்ள மனிதரை மயக்கிக் கிடத்திப் பயில எல்லோருக்கும் இயலுமா? இக்குறையை நார்வே வைத்தியர் பியோர்ன் லிண்ட் என்பவர் லேர்டாலிடம் எடுத்துரைத்தார். பொம்மைத் தொழில் அறிந்தவர்க்கு அது தமக்கென வந்த பணியாகவே தோன்றிற்று. மானிட உருவும் அளவும் உடைய பயிற்சிப் பொம்மை 1960-இல் வெளிவந்தது. பாரிஸ் நகரத்துச் சேன் நதியில் இறந்த பெயரறியாப் பெண்ணொருத்தியினுடையதென வழங்கிய முகவார்ப்பை ஒட்டி அதன் முகம் அமைந்தது. கண்டார் அஞ்சாது நெருங்கவேண்டுமென்பதே அவர் கருத்து.

அதே 1960-இல் பால்டிமோரில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர், மார்பைத் திறவாமலே மேலிருந்து அழுத்தி, நின்ற இருதயத்தின் வேலையைச் சிறிது நேரம் நடத்தலாமென வெளியிட்டனர். சாபரின் யோசனைப்படி லேர்டால் தம் பொம்மையின் மார்பினுள் வில்லொன்றை அமைத்தார். இரு பயிற்சிகளும் ஒரே பொம்மையிற் கூடின.

இனி நாம் சிறப்பாகக் கருதவேண்டுவது ஒன்றுண்டு. இவ்வித்தை வைத்தியருக்கே உரியது, சிறுவர் கைக்கு எட்டாது என்று எண்ணுவார் அக்காலத்தே இருந்தனர். லிண்ட் பள்ளிச் சிறுவர்க்கே இதனைக் கற்பித்து, அவரும் செவ்வனே பயிலவல்லார் எனக் காட்டினார். 1961 முதல் நார்வேயின் பள்ளிகளுக்கு இப்பொம்மைகள் வழங்கப்பட்டன.

இதன் பயன் யாது? இருதயம் திடீரென நின்றால் மூளைக்கு இரத்தம் செல்லாது. சில நிமிடங்களில் அது கெடத் தொடங்கும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கும். மருத்துவ வண்டி வருமுன், அருகிலிருப்போர் கையே கை. மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதலும், மின்னதிர்ச்சிக் கருவியை விரைந்து கொணர்தலும் பள்ளி மாணவரும் செய்யத்தக்கனவே. 12 வயது முதல் ஆண்டுதோறும் 2 மணி நேரம் இதனைக் கற்பிக்கவேண்டுமென்னும் பரிந்துரைக்கு 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் இசைவளித்தது.

லேர்டால் 1981-இல் மறைந்தார். அன்று நீரினின்று மீண்ட பிள்ளையே தந்தையின் நிலையத்தைத் தலைமையேற்று நடத்தலானார்.

விளையாட்டிடத்தில் ஒரு தோழன் திடீரென வீழ்ந்து, அழைத்தும் அசையாது, மூச்சும் சீராக இன்றிக் கிடப்பின், சுற்றி நின்று கலங்குவதோ, அன்றி ஒருவர் உதவியழைக்க ஒருவர் மண்டியிட்டு மார்பை அழுத்துவதோ, எது நிகழும்? கருவி எங்குளது, அதனை எடுக்க ஓடுவார் யாவர் என்பன முன்னரே வகுக்கப்பட்டனவா? இவற்றிற்கு விடை அந்நிமிடத்திற் பிறவாது. அதற்கு முன்னைய பயிற்சியிலேயே பிறக்கும். அப்பயிற்சியை யாவர்க்கும் எளிதாக்கிய அவ்வணிகரை நாம் நன்றியுடன் நினைவோமாக.