ஒளிக்கு அளவுகோல் வகுத்த போக்ஸன்

விருதுநகரின் புறத்தே கரிசல் வெளியில் இரவு வேளையில் நிற்போர், தென்மேற்கே சிவகாசித் திசையில் வாணங்கள் எழுந்து வெடித்து ஒளிர்வதைக் கண்டிருப்பர். அருகே ஒரு சிறுவன் பிடித்திருக்கும் மத்தாப்பும், தொலைவில் வெடிக்கும் பெருவாணமும் கண்ணுக்கு ஒரே அளவினவாய்த் தோன்றுதல் உண்டு. அவற்றுள் உண்மையிற் பெரியது எது என்று உரைக்க வேண்டின், கண்ணிற் படும் ஒளி எத்துணை என்பதும், அது வரும் தொலைவு எத்துணை என்பதும் தெரிதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து எஞ்சுவது வியப்பு ஒன்றேயாம்.

விண்ணிலும் இத்தகைய வெடிப்புகள் உண்டு. சூரியனிலும் பன்மடங்கு பெரிய மீன்கள் தம் வாழ்நாள் முடிவில் வெடித்துச் சில வாரங்கள் கோடானுகோடி சூரியர்களின் ஒளியை வீசும். இவற்றை வான நூலார் சூப்பர்நோவா என்பர். அவற்றுள்ளும் மிகுபேரொளி உடையன சில, நெடுந்தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களில் இந்நூற்றாண்டிலே கண்டறியப்பட்டன. அவற்றின் ஒளியை அளக்கும் அளவுகோலை வகுத்தவர், நம் சென்னையில் முப்பது ஆண்டு உழைத்து, அந்நகரிலேயே உயிர்நீத்த நார்மன் ராபர்ட் போக்ஸன் ஆவர். அன்னார் வரலாற்றைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

போக்ஸன் 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரிற் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் வேட்கை கொண்டு, பதினெட்டு வயதளவில் வால்வெள்ளிகளின் பாதையைக் கணிக்கும் திறம் பெற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டிலுள்ள ராட்கிளிப் வானாராய்ச்சிச்சாலையில் உதவியாளராய் அமர்ந்தார். 1856இல் ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு இடப்பட்ட ஐஸிஸ் என்னும் பெயர் அவர்தம் மகளார்க்கும் உரியதாயிற்று.

அவ்வாண்டிலேயே அவர் புகழை நிலைநிறுத்திய செயலும் நிகழ்ந்தது. பண்டைக் கிரேக்கர் விண்மீன்களை ஒளி மிக்கன முதல் தரம், கண்ணுக்கு அரிதிற் புலப்படுவன ஆறாந்தரம் என ஆறாக வகுத்தனர். ஆயினும் ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வேற்றுமை இத்துணை என்று வரையறை இல்லை. ஒருவர் ஏழாந்தரம் என்றதை மற்றொருவர் எட்டாந்தரம் என்பர். முதல் தர மீன் ஆறாந்தர மீனினும் ஏறக்குறைய நூறு மடங்கு ஒளியுடையது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். போக்ஸன் அதனையே விதியாக்கி, ஐந்து தரம் என்பது சரியாக நூறு மடங்கு என நிறுவினார். அவ்வாறாயின் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு, இரண்டரைத் தரத்துக்குப் பத்து மடங்கு. எளிய விதிதான், ஆயினும் கண்ணின் மதிப்பு அன்றுதொட்டு எண்ணின் மதிப்பாயிற்று.

1859இல் அவர் ஹார்ட்வெல் என்னுமிடத்து வானாராய்ச்சிச்சாலையின் தலைமையை ஏற்றார். மறு ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் இரவு, விருச்சிக ராசியிலுள்ள ஒரு விண்மீன் கொத்தினுள் முன்பு இல்லாத ஒரு மீன் ஒளிர்வதைக் கண்டார். ஆவர்ஸ் என்னும் ஜெர்மானியர் ஒரு வாரத்துக்கு முன்னரே அதனைக் கண்டிருந்தாரெனினும், போக்ஸன் அஃதறியாது தாமே கண்டவர். சில வாரங்களில் அது மங்கிற்று. அது சூப்பர்நோவா அன்று. நோவா என்னும் சிறு வெடிப்பே. அக்காலத்தில் இவ்விரண்டின் வேற்றுமையை எவரும் அறியார்.

1861இல் போக்ஸன் சென்னைக்கு வந்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பெற்ற வானாராய்ச்சிச்சாலையின் தலைமை அவர்க்குக் கிட்டிற்று. வந்த சில திங்களில் அவர் கண்ட சிறு கோளுக்கு ஆசியா என்று பெயரிட்டார். இக்கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறு கோள் அதுவேயாம். அவர்க்கு முதல் உதவியாளராய் விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். இவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அத்தகைய மீனைக் கண்டறிந்த முதல் இந்தியர் இவரே என்பது நாம் மறவாது போற்றத்தக்கது. மகளார் ஐஸிஸும் 1873 முதல் தந்தையாரிடத்தே கணக்கராய் உழைத்தார். 1886இல் தந்தையார் அவரை இலண்டன் வான நூற் கழகத்துக்கு உறுப்பினராக முன்மொழிந்தார். பெண் என்னும் காரணத்தால் அது நிறைவேறவில்லை. 1920இல்தான் அக்கழகம் அவரை ஏற்றது.

போக்ஸனிடத்துக் குறையும் உண்டு. அவர் நோக்கியவை மிகப் பல; அச்சேற்றியவை சில. ஆட்கள் போதாமை ஒரு காரணம். முழுதும் முடியாததை வெளியிட ஒருப்படாத இயல்பு மற்றொன்று. 1891 ஜூன் மாதம் அவர் சென்னையில் காலமானபோது, பல்லாண்டுக் குறிப்புகள் ஏடுகளிலேயே கிடந்தன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிலைகளைப் பின்வந்த மிச்சி ஸ்மித் பதிப்பித்தார். ஒளி மாறும் மீன்களைப் பற்றிய குறிப்புகள் 1908இல் இங்கிலாந்தில் அச்சேறின. உழைத்தவர் தம் உழைப்பின் பயனைக் கண்ணாரக் காணவில்லை.

எனினும், எண்ணாகக் குறிக்கப்பட்ட நோக்கு அழிவதில்லை, அது காத்திருக்கும். 1885இல், போக்ஸன் வாழ்ந்த காலத்திலேயே, ஆண்ட்ரோமீடா ஒளிமுகிலில் ஒரு புதுமீன் ஏறக்குறைய ஆறாந்தர அளவுக்கு ஒளிர்ந்தது. அம்முகிலின் தொலைவு தெரியாமையால், அதன் உண்மைப் பெருமையை அன்றோர் உணர்ந்திலர். 1920களில் அது நம் மண்டலத்துக்கு அப்பாற்பட்ட வேறொரு விண்மீன் மண்டலம் என ஹப்பிள் நிறுவினார். உடனே பழைய ஒளித்தர எண்கள் உயிர்பெற்றன; அத்துணைத் தொலைவிலிருந்து ஆறாந்தரமாய்த் தோன்றுவது சாதாரண வெடிப்பாதல் இயலாது. 1934இல் பாடேயும் ஸ்விக்கியும் இத்தகையவற்றைத் தனி இனமாய் வகுத்துரைத்தனர்.

2006இல், 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தில் தோன்றிய வெடிப்பு, ஒளியின் உச்சியை எய்த எழுபது நாட்கள் கொண்டது. எல்லா மீன்களையும் 32.6 ஒளியாண்டுத் தொலைவில் வைத்து ஒப்பிடுவது வான நூலார் வழக்கம். ஒளி மிக மிகத் தர எண் குறையும். அவ்வாறு கணித்தபோது, வழக்கமான ஒளிமிக்க சூப்பர்நோவாவின் தரம் மைனஸ் 19 அளவினதாக, இதன் தரம் மைனஸ் 22ஐ அணுகிற்று. இரண்டரைத் தரம் பத்து மடங்கு என்னும் போக்ஸன் விதியால், இது அவற்றினும் பத்து மடங்குக்கு மேல் ஒளியுடையது என்று ஒரு நொடியில் அறிகின்றோம். பேரொளிச் சூப்பர்நோவா என்று ஓரினத்தைப் பிரித்தறிய உதவியது இவ்வளவுகோலே.

சென்னை ஆராய்ச்சிச்சாலையின் வான நூற் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறிற்று. அம்மரபில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் காவலூரிலும் இமயத்து ஹான்லேயிலும் தொலைநோக்கிகளை நிறுவியுள்ளனர். ஹான்லேயிலுள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியால் இன்று சூப்பர்நோவாக்களை ஆராய்வோர், ஒளியைக் குறிப்பது போக்ஸனின் தர எண்ணாலேயே.

இனி ஒரு நாள் சிவகாசித் திசையில் வாணம் எழக் காணும் நம் மாணவர், அதன் அழகில் மகிழ்க. அதன்பின் எத்துணை ஒளி, எத்துணைத் தொலைவு என்றும் வினவுக. விடை அன்றே கிட்டாதாயினும் கண்டதைக் குறித்து வைத்தல் நலம். குறித்ததைப் பிறர்க்கு அளித்தல் அதனினும் நலம். போக்ஸன் முன்னதைச் செய்து காட்டினார்; பின்னதன் அருமையைத் தம் குறையால் உணர்த்திச் சென்றார்.