ஐஸ்கிரீம் காசில் எழும்பிய பல் மருத்துவக் கல்லூரி

பழவேற்காடு போயிருக்கீங்களா? பொன்னேரியில் பஸ் ஏறினா ஏரிக்கரையில் கொண்டு போய் விட்டுடும். அங்கே ஒரு குப்பத்தில்தான் எங்க பெரியப்பா இருக்கார். விடியறதுக்கு முன்னாடியே வலையோடு கிளம்பற மனுஷன். தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வர்றதால் பகலில் படகிலேயே கண் அசந்துடுவார். தண்ணிக்கு நடுவில் அது எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கே தெரியும். டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார். வேற ஒண்ணுமில்ல, ஒரு சின்ன ப்ளோயர். மாஸ்க் வழியா லேசான அழுத்தத்தில் காற்றை ஊதி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கும்.

இரண்டே வாரத்தில் மெஷின் பரணுக்குப் போயிடுச்சு. காரணம் பல்வலி. காற்று கசியக்கூடாதுன்னு வாரை இறுக்கி இறுக்கி, மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டோடு முன்பல் ஈறையும் சேர்த்து அழுத்தியிருக்கு. தூக்கத்தில் வாய் திறந்து காற்று அந்த வழியா ஓட, எச்சில் வறண்டு, பழைய சொத்தைப் பல்லும் கூச ஆரம்பிச்சிருக்கு. பல்லுக்குப் போய் யாராவது மெஷினை நிறுத்துவாங்களான்னு வீட்டில் எல்லோரும் சிரிச்சோம். நானும்தான்.

பல்லெல்லாம் ஒரு வியாதியா என்கிற இந்த நினைப்போடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருத்தரை அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன். பெயர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. 1890 டிசம்பர் 24 அன்று கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அலிகரில் படிப்பை முடித்து, கடல் கடந்து அமெரிக்கா போனார். 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலை. அங்கேயே வசதியா இருந்திருக்கலாம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு கல்கத்தா திரும்பிட்டார்.

அப்போ நம்ம ஊர்ல பல்வலின்னா என்ன வைத்தியம்? கிராம்பு, இல்லேன்னா தெருவோரத்தில் பல் பிடுங்குற ஆள். 1920-ல் அகமது கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். காசு எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டா நம்ப மாட்டீங்க. நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்ற பெயரில் அவர் ஒரு ஐஸ்கிரீம் கடை நடத்தினார். அந்த வருமானம்தான் கல்லூரியைத் தாங்கியது. பல்லைக் கெடுக்கிற இனிப்பை விற்று, பல்லைக் காக்கிறவர்களை உருவாக்கின கதை! ஸ்டார்ட்அப், ஸ்பான்சர்னு அலையற நமக்கு இது கொஞ்சம் பொறாமைதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1925-ல் பல் மருத்துவத்துக்கென ஒரு இதழ் தொடங்கினார். 1928-ல் மாணவர்களுக்குப் பாடநூல் எழுதினார். அந்தக் கல்லூரியில் படித்த ஃபாத்திமா ஜின்னா 1923-ல் பம்பாயில் பல் கிளினிக் திறந்தார். யார் வேணும்னாலும் குறடு எடுக்கலாம் என்ற நிலைக்கு அணை போட, 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது; அதற்குப் பின்னாலும் இவர் உழைப்பு இருந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது 1948-ல். மறு வருஷமே, தான் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்துவிட்டார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கு. பிறகு மாநில அமைச்சராகவும் இருந்தார். அந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன், எனக்கு ஐஸ்கிரீம் கடைக்காரர்தான் பிடிக்கும். 1964-ல் பத்மபூஷண், 1965 பிப்ரவரியில் மறைந்தார். அவர் பிறந்த நாளைத்தான் இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடறாங்க.

சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு வந்தது 1953-ல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக. அந்த வழியில் படித்து வந்த ஒரு பல் டாக்டர்கிட்டதான் பெரியப்பாவை ஒருவழியா இழுத்துட்டுப் போனோம். மாஸ்க்கையும் கையோடு எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாங்க. அவங்க சிரிக்கவே இல்லை. சொத்தையை அடைச்சாங்க. ஈறில் மாஸ்க் பதிந்த தடத்தைக் கண்ணாடியில் காட்டி, மாஸ்க் அளவை மாற்றவும் காற்றில் ஈரம் சேர்க்கவும் தூக்க டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. வலிக்குதுன்னு நீங்களா மெஷினை நிறுத்திடாதீங்க, சொல்லுங்கன்னு ஒரு அதட்டலும் கிடைச்சது.

மெஷின் பரணிலிருந்து இறங்கிடுச்சு. இப்போ வலை எடுக்கப் போகிற நேரத்துக்குப் பெரியம்மாதான் அவரை உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கு.