தவளையை அறுக்காமலே பயாலஜி: வழி திறந்துவிட்ட ருக்மிணி தேவி அருண்டேல்

வீட்டில் 1990-களில் விலங்கியல் படித்த அண்ணனோ, அக்காவோ, சித்தியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். மெழுகுத் தட்டு, குளோரோஃபார்ம் வாடை, நாலு காலிலும் குண்டூசி குத்தி மல்லாக்கக் கிடத்திய தவளை என்று லேப் கதை வரிசையாக வரும். சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி பக்கம் இப்போது பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு அதே பாடம் பெரும்பாலும் சார்ட், பிளாஸ்டிக் மாடல், வீடியோ.

இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. ஆனால், அதற்கான விதை 1960-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்தவர் விஞ்ஞானியோ டாக்டரோ இல்லை. ஒரு பரதநாட்டியக் கலைஞர்!

யார் இந்த ருக்மிணி தேவி?

1904 பிப்ரவரி 29-ம் தேதி மதுரையில் பிறந்தார். அப்பா நீலகண்ட சாஸ்திரி, இன்ஜினீயர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வுக்குப் பிறகு அவர் குடும்பத்தோடு சென்னை அடையாறுக்கு வந்தார். அங்கேதான் ருக்மிணி, ஆங்கிலேயக் கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேலைச் சந்தித்தார். 1920-ல் கல்யாணம். பிராமணக் குடும்பத்துப் பெண், வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டது அன்றைய மெட்ராஸில் பெரிய பரபரப்பு.

அடுத்த பரபரப்பு நாட்டியம். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-ல் மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். தலைமுறைகளாக அந்தக் கலையைக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பங்களின் ஆட்டத்தை மாற்றிவிட்டார் என்ற விமர்சனம் இன்றுவரை உண்டு. அந்த விவாதம் தனிக் கதை. இங்கே பார்க்கப்போவது, பலருக்கும் தெரியாத அவருடைய இன்னொரு பக்கம்.

எம்.பி. பதவியும் ஒரு மசோதாவும்

1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார் ருக்மிணி தேவி. நியமன உறுப்பினராக அந்த அவைக்குள் போன முதல் பெண் அவர். கலைஞர் என்ற முறையில் கிடைத்த பதவி. கலை பற்றி மட்டும் பேசிவிட்டு இருந்திருக்கலாம். அவர் கையில் எடுத்தது விலங்குகளை.

அப்போது நாட்டில் இருந்தது 1890-ம் ஆண்டு பிரிட்டிஷ் காலச் சட்டம். காலத்துக்கு ஒத்துவராத அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டி மாடு முதல் ஆய்வுக்கூட விலங்கு வரை எல்லாமே அவர் கவலைக்குள் வந்தன.

பிரதமர் நேருவுக்கு அனுதாபம் இருந்தது. ஆனால், இதை அரசே முழுமையாக ஆராய்ந்து செய்யட்டும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி ஒப்புக்கொண்டார். அரசு குழு அமைத்தது, ஆண்டுகள் ஓடின. 1960 டிசம்பரில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது.

லேப் பற்றி சட்டம் என்ன சொன்னது?

இங்கேதான் சிக்கல். விலங்குகள் மீதான சோதனைக்குச் சட்டம் தடை போடவில்லை. புதிய மருத்துவ அறிவுக்காக, உயிர் காப்பதற்காக, நோயை எதிர்ப்பதற்காகச் செய்யும் சோதனை குற்றமில்லை என்று 14-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. மருந்தும் தடுப்பூசியும் விலங்குச் சோதனையைத் தாண்டித்தான் மனிதர்களுக்கு வந்துகொண்டிருந்தன. அதை அரசால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால், 17-வது பிரிவில் ஒரு சின்ன வாசல் திறந்தது. சோதனைகளை மேற்பார்வையிட அமைக்கப்படும் குழு கவனிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்று இது: மருத்துவப் பள்ளி, கல்லூரி போன்ற இடங்களில் புத்தகம், மாடல், திரைப்படம் ஆகியவற்றை வைத்தே அதே அளவுக்குக் கற்பிக்க முடியும் என்றால், விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும்.

அதாவது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அறுப்பது வேறு. ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டுவதற்காக அறுப்பது வேறு. தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதைப் பார்க்க வகுப்புக்கு வகுப்பு, வருஷத்துக்கு வருஷம் உயிர் போக வேண்டுமா?

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. உண்மையான தசையும் நரம்பும் கையில் படும்போது வரும் புரிதலை பிளாஸ்டிக் தராது என்கிறார்கள் பல ஆசிரியர்கள். சர்ஜன் ஆகப்போகிறவருக்கு அது முக்கியம்தான். ஆனால், லேபில் கத்தி பிடித்த மாணவர்களில் பெரும்பாலானோர் சர்ஜன் ஆகவில்லை.

பல் இல்லாத சட்டமா?

1962-ல் விலங்குகள் நல வாரியம் உருவானது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி, தலைமையகம் அப்போது சென்னையில் இருந்தது. ஆனால், சட்டத்தின் தண்டனைதான் பலவீனம். விலங்கை வதைத்து முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை மட்டுமே. பல பத்தாண்டுகள் கடந்தும் அந்தத் தொகை அப்படியே இருந்தது.

வகுப்பறைக்குள் மாற்றம் வரவும் நாளாச்சு. சட்டத்தில் வாசல் இருந்தும் பல்லாயிரம் லேப்களில் தவளையும் கரப்பான்பூச்சியும் தட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. 2011-ல் பல்கலைக்கழக மானியக் குழு படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014 ஆகஸ்டில், கல்லூரி விலங்கியல், உயிர் அறிவியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை முழுவதுமாக நிறுத்தச் சொன்னது. சட்டம் வந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குடியரசுத் தலைவர் பதவி வேண்டாம்

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்கக் கேட்டபோது மறுத்துவிட்டார் ருக்மிணி தேவி. கலாக்ஷேத்ராவும் விலங்குகள் நலப் பணியும் போதும் என்று இருந்தவர், 1986 பிப்ரவரி 24-ம் தேதி சென்னையில் காலமானார். கல்லூரி லேப்களில் கத்தி ஓய்ந்ததை அவர் பார்க்கவில்லை.

கேட்டது முழுசாகக் கிடைக்காதபோது, கிடைத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார் என்பதுதான் அவருடைய அரசியல். மாடல் போதுமா, உயிர் வேண்டுமா என்று ஒரு பயாலஜி ஆசிரியர் இன்று யோசித்தால், அந்தக் கேள்வி 1960 முதலே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.