பல்லால் பாட்டு கேட்ட எடிசன்



போன செமஸ்டர் லீவுல நான் ஒரு காரியம் பண்ணேன். இன்டர்ன்ஷிப்ல கிடைச்ச ஸ்டைபண்ட்ல பாதியைக் கொடுத்து ஒரு ராக் ஆல்பத்தை வினைல்ல வாங்கினேன். ஆல்பம் பேரு வேண்டாம், இன்னும் வலிக்குது. அதே ஆல்பம் சிடியா ஏற்கெனவே என்கிட்ட இருக்கு. அதுல டிரம்ஸும் கிட்டாரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய், அஞ்சாவது பாட்டுக்குள்ள காது களைச்சுப் போயிடும். வினைல்ல அந்தப் பிரச்சினை இருக்காதுன்னு நெட்ல பத்து பேர் சத்தியம் பண்ணாங்க. மாமா வீட்டு டர்ன்டேபிள்ல போட்டுக் கேட்டேன். அதே இரைச்சல். கூடவே கொஞ்சம் பொரியிற சத்தம், அது போனஸ்.

ஏன் இப்படின்னு தேடப் போனப்பதான் இன்னொரு எடிசன் கிடைச்சார். ஸ்கூல்ல நமக்கெல்லாம் பல்பு எடிசனைத்தான் தெரியும். சவுண்ட் குவாலிட்டிக்காக அரை நூற்றாண்டு மல்லுக்கட்டி, டெக்னிக்கலா ஜெயிச்சு, கடைசியில் கடையைச் சாத்தின எடிசனைப் பத்தி யாரும் சொல்லித் தரல. அந்தக் கதைதான் இது.

காது மந்தமான பையன்

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். 12 வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கிற வேலை. கிட்டத்தட்ட அந்த வயதிலிருந்தே காது மந்தமாக ஆரம்பித்துவிட்டது. அப்புறம் டெலிகிராஃப் ஆபரேட்டர் ஆனார். மற்ற சத்தமெல்லாம் சரியாகக் கேட்காததால் தன் கருவியின் டிக் டிக் மட்டும் தெளிவாகக் கேட்டது. காது கேட்காதது தனக்கு ஒரு வசதி என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசி வரை இருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

டெலிகிராஃப் பைத்தியம் எந்த அளவுக்குன்னா, முதல் இரண்டு குழந்தைகளுக்கும் டாட், டேஷ் என்று செல்லப்பேர் வைத்தார். முதல் மனைவி மேரி 1884இல் இறந்த பிறகு, மீனா மில்லர் என்ற பெண்ணுக்கு மோர்ஸ் கோடு கற்றுக்கொடுத்து, அவர் கையில் தட்டியே கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டார். பதிலும் தட்டலில்தான் வந்தது. 1886இல் கல்யாணம்.

தகரத்தாளில் ஒரு குரல்

1877இல் மென்லோ பார்க் ஆய்வகத்தில், டெலிகிராஃப் செய்திகளைக் காகிதத்தில் பதிந்து திரும்ப அனுப்ப ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். புள்ளியையும் கோட்டையும் பதிய முடிந்தால் குரலை ஏன் பதியக்கூடாது? ஒரு உருளை, அதைச் சுற்றி மெல்லிய தகரத்தாள், ஒரு டயஃப்ரம், ஒரு ஊசி. படம் வரைந்து கொடுத்தார், அவருடைய மெக்கானிக் ஜான் குரூசி செய்து முடித்தார். எடிசன் ஒரு குழந்தைப் பாட்டைச் சொன்னார். மெஷின் திரும்பச் சொன்னது. மனிதக் குரல் பதிவாகித் திரும்ப ஒலித்தது அதுதான் முதல் தடவை. 1878 பிப்ரவரியில் காப்புரிமையும் வந்துவிட்டது.

ஆனா தகரத்தாள் ஒரு சில தடவை ஓடினாலே கிழிஞ்சிடும். அதைச் சரி செய்யாமல் எடிசன் மின்விளக்குப் பக்கம் போய்விட்டார். அந்த இடைவெளியில் கிரகாம் பெல்லின் கூட்டாளிகள் மெழுகில் பதியும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1887இல் எமில் பெர்லினர் என்பவர் தட்டையான தட்டில் பதியும் கிராமஃபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனுக்கு ரோஷம் வந்தது. 1888 ஜூனில் ராத்திரி பகல் பார்க்காமல் மூணு நாள் உட்கார்ந்து தன் மெஷினைச் சரிசெய்தார். முழுக்க களைத்துப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவர் போட்டோ இன்றும் இருக்கிறது. நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் முகம் அப்படியே.

சிலிண்டரா, தட்டா?

இங்கேதான் முதல் ஃபார்மட் சண்டை. பெர்லினர் தட்டில் ஊசி இடமும் வலமும் ஆடும். எடிசன் சிலிண்டரில் ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கும்.

இன்ஜினியரிங்படி பார்த்தால் சிலிண்டருக்கு ஒரு பெரிய பலம் உண்டு. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஊசிக்குக் கீழே ஓடும் வேகம் ஒன்றுதான். தட்டில் அப்படி இல்லை. இன்றைய 12 அங்குல எல்பியையே எடுத்துக்கோங்க. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஊசிக்குக் கீழே ஓடும். உள்ளே போகப் போக அது சுமார் 20 செ.மீ.க்கு இறங்கிவிடும். அதே ஒரு நொடி பாட்டை பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்கணும். அதனால்தான் வினைலில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் சிம்பல் சத்தமும் ச, ஷ ஒலிகளும் கொஞ்சம் கரகரக்கும்.

சிடி இந்தச் சிக்கலைத் தாண்டியது எப்படி? உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளியே போகப் போக சுமார் 200 சுற்று என்று வேகத்தை மாற்றிக்கொண்டே ஓடும். லேசருக்குக் கீழே ஓடும் வேகம் மாறாது. அதாவது எடிசன் சிலிண்டரின் பலம், தட்டு வடிவத்தில்.

ஆனா சந்தைக்கு இதெல்லாம் முக்கியமா படல. தட்டை அடுக்கி வைக்கலாம், அச்சடிப்பது சுலபம். விக்டர் கம்பெனி தட்டுகளால் ஜெயித்தது. கடைசியில் எடிசனே இறங்கி வந்து 1912இல் டயமண்ட் டிஸ்க் கொண்டுவந்தார்.

பல் பதிந்த மரம்

டயமண்ட் டிஸ்க் ஒரு ஸ்பெக் ஷீட் பிரியரின் கனவு. கால் அங்குல கனம், நிமிடத்துக்கு 80 சுற்று, அங்குலத்துக்கு 150 வரிகள். போட்டிக் கம்பெனித் தட்டுகளில் ஒவ்வொரு தடவையும் இரும்பு ஊசியை மாற்றணும். இதில் வைர ஊசி, மாற்றவே வேண்டாம். பள்ளம் ஊசியை இழுத்துக்கொண்டு போகும் சிரமம்கூட இல்லை, ஒரு திருகு அமைப்பே ஊசியை உள்ளே நகர்த்தும். மைக் வருவதற்கு முந்தைய காலப் பதிவுகளில் மிகத் தெளிவானவற்றில் இதுவும் ஒன்று.

இதை டியூன் செய்தது காது கேட்காத மனுஷன். எப்படின்னா, மெஷினின் மரச் சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு பல், தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகும். அந்தப் பல் தடங்கள் அவர் மெஷினில் இன்றும் இருக்கின்றன. இதைப் படிச்சப்போ எனக்கு நிஜமாவே சிலிர்த்தது.

1915 முதல் கம்பெனி ஊர் ஊராக டோன் டெஸ்ட் என்ற நிகழ்ச்சிகளை நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் மெஷின். இருவரும் சேர்ந்து பாடுவார்கள். நடுவில் பாடகி நிறுத்துவார், மெஷின் தொடரும். சில நேரம் விளக்கை அணைத்துவிடுவார்கள். திரும்ப வெளிச்சம் வரும்போது பாடகி மேடையிலேயே இருக்க மாட்டார். எது நிஜம், எது பதிவு என்று தெரியலைன்னு கூட்டம் கைதட்டும்.

மெஷின் அவ்ளோ பெர்ஃபெக்ட்டா? அந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸ் என்ற பாடகி ரொம்ப காலம் கழித்து உண்மையைச் சொன்னார். மெஷினின் சத்த அளவுக்குத் தகுந்த மாதிரி தன் குரலைத்தான் குறைத்துக்கொண்டாராம். மெஷின் மனுஷி மாதிரி பாடியது பாதி, மனுஷி மெஷின் மாதிரி பாடியது மீதி. இன்னைக்கும் இரண்டு ஃபார்மட்டை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமா வைக்கலைன்னா அந்த டெஸ்ட் செல்லாது. கொஞ்சம் சத்தமா ஓடுறதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும்.

ஒரே ஒரு காது

இவ்வளவு நல்ல தட்டு ஏன் தோத்தது? அதில் என்ன பாட்டு இருக்கணும்னு முடிவு பண்ணதும் எடிசன்தான். நூற்றுக்கணக்கான பாடகர்களை அவரே சோதித்து, குறிப்பெழுதி, கழித்துக்கட்டினார். குரல் கொஞ்சம் நடுங்கினாலே பிடிக்காது. ஜாஸ் பிடிக்காது. நட்சத்திரங்களுக்குப் பெரிய பணம் கொடுக்கப் பிடிக்காது. ஆரம்ப காலத் தட்டுகளில் பாடகர் பேரைக்கூடப் போடவில்லை. விக்டரிடம் கரூசோ இருந்தார். பியானோ மேதை ரக்மனினாஃப் 1919இல் எடிசனுக்கு வாசித்துவிட்டு, அடுத்த வருஷமே விக்டருக்குப் போய்விட்டார். ஜனங்க நல்ல தட்டை வாங்கலை, பிடிச்ச பாட்டை வாங்கினாங்க.

முதல் உலகப் போரில் மூலப்பொருள் தட்டுப்பாடு வந்தது. டயமண்ட் டிஸ்க்கின் மேற்பரப்பு சொரசொரப்பாகி, இரைச்சல் ஏறியது. டிசைன் பழையபடி நல்லாத்தான் இருந்தது, கைக்கு வந்த தட்டு நல்லா இல்லை. மோசமா பிரஸ் பண்ண வினைல் வாங்கினவங்களுக்கு இது புரியும்.

1925இல் விக்டரும் கொலம்பியாவும் மைக் வைத்து மின்சார முறையில் பதிய ஆரம்பித்தன. எடிசன் 1927 வரை பழைய குழலைவிட்டு நகரவில்லை. நடுவில் 1926இல் ஒரு துணிச்சலான முயற்சி: அங்குலத்துக்கு 450 வரிகள் போட்டு, 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடம். எல்பி வருவதற்கு 22 வருஷம் முன்னாடியே! ஆனால் பள்ளம் மெலிந்ததால் சத்தம் குறைந்தது, ஊசி தாவியது. நேரம் கூடினால் சத்தம் குறையும் என்ற அந்தக் கணக்கு வினைலில் இன்னும் மாறலை. ஒரு மணி நேர ராக் ஆல்பத்தை இரண்டு தட்டா பிரிச்சு விக்கிறது இதனாலதான்.

1929 கோடையில், பிடிவாதத்தை விட்டு, பெர்லினர் மாதிரி பக்கவாட்டில் ஆடும் தட்டுகளையும் வெளியிட்டார். ரொம்ப லேட். அந்த அக்டோபர் கடைசியில் எடிசன் கம்பெனி பாட்டுத்தட்டுத் தயாரிப்பை மொத்தமாக நிறுத்தியது. 1931 அக்டோபர் 18 அன்று, 84 வயதில், எடிசன் இறந்தார். பேரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள்.

அவர் ஊசி முழுசா சாகலை. 1950களின் கடைசியில் வந்த ஸ்டீரியோ எல்பியில் ஊசி பக்கவாட்டிலும் ஆடும், மேலும் கீழும் ஆடும். இரண்டு சேனலுக்கும் பொதுவான ஒலி பெர்லினர் வழியில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எடிசன் வழியில்.

சரி, என் காசு?

எடிசன்கிட்ட நல்ல பெட்டி இருந்தது, உள்ளே போட்டதில் கோட்டை விட்டார். இன்றைய ராக் சிடிக்கும் அதே கதிதான். 16 பிட் சிடியில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே கோட்பாட்டளவில் சுமார் 96 டெசிபல் இடம் உண்டு. வினைலில் 60, 70 கிடைத்தாலே பெரிசு. ஆனா 90களிலிருந்து, அடுத்தவன் ஆல்பத்தைவிட சத்தமா கேட்கணும்னு எல்லாத்தையும் கூரைக்கு நசுக்கி வெச்சாங்க. 2008இல் வந்த மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் இதுக்குப் பிரபலமான உதாரணம். கிட்டார் ஹீரோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் சிடியைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். நசுக்கல் மிக்ஸிலேயே நடந்திருந்தது.

மிக்ஸிலேயே வெட்டுப்பட்ட உச்சிகளை எந்த ஊசியும் திருப்பிக் கொண்டுவராது. வினைலுக்குன்னு தனியா, குறைவா நசுக்கின மாஸ்டர் செய்திருந்தா அந்தத் தட்டு நிஜமாவே சிடியைவிட நல்லா கேட்கும். அந்தப் பெருமை மாஸ்டருக்கு. நான் வாங்கினது அப்படி இல்லைன்னு இப்போ புரியுது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி, வினைலா சிடியான்னு கேட்காம, யார் மாஸ்டர் பண்ணது, வினைலுக்குத் தனியா பண்ணாங்களான்னு பாருங்க.

அந்தத் தட்டை மாமா வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டேன். வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, யாரும் பார்க்காதப்போ, டர்ன்டேபிள் இருந்த மர மேஜையைப் பல்லால கடிச்சுப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையர் ஆஃப். ரொம்ப லேசா, தூரத்துல, பாட்டு கேட்டுச்சு.