இசை எழுதிய பெண்: பிரான்செஸ்கா கச்சீனி

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு கற்கும் எங்களுக்கு மறுமலர்ச்சிக் காலம் என்றதும் லியனார்டோ டாவின்சி, மைக்கலாஞ்சலோ, கலிலியோ ஆகிய பெயர்களே நினைவுக்கு வரும். நானும் அவற்றை மனனம் செய்தவள்தான். ஆனால் கலிலியோவுக்குச் சம்பளம் வழங்கிய அதே மெடிசி அரண்மனையில், இசை எழுதுவதற்காக ஒரு பெண்ணும் சம்பளம் பெற்றார் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அவர் பெயர் பிரான்செஸ்கா கச்சீனி.

1587ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஜூலியோ கச்சீனி புகழ்பெற்ற பாடகர். தாயும் பாடகியே. அக்கால ஐரோப்பிய இசையில் நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடும். கேட்க இனிமையாக இருந்தாலும், பாடலின் சொற்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பொருள் விளங்காமல் போய்விடும். இதை மாற்ற வேண்டும் என்று புளோரன்ஸில் ஓர் அறிஞர் குழு விரும்பியது. கலிலியோவின் தந்தை வின்சென்சோவும் ஜூலியோவும் அக்குழுவில் இருந்தனர். ஒரு குரல் மட்டும் தெளிவாகப் பாட, ஓர் இசைக்கருவி அதற்குத் துணையாக ஒலிக்கும் முறையை அவர்கள் வளர்த்தனர். அந்தத் துணைக் கருவிகளுள் ஒன்றான லூட், அரபியரின் ஊத் கருவியிலிருந்து பிறந்தது. இம்முறையில் அமைந்த பாடல்களை ஜூலியோ 1602இல் 'புதிய இசை' என்ற பெயரில் அச்சிட்டார். மறுமலர்ச்சி இசை முடிந்து பரோக் இசை தொடங்கியதற்கு அந்நூலை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வர்.

ஜூலியோ தம் மகளுக்குப் பாட்டை மட்டும் கற்பிக்கவில்லை. இலத்தீன், இலக்கியம், கணிதம் ஆகியவற்றையும் பிரான்செஸ்கா கற்றார். லூட், கிட்டார், ஹார்ப் ஆகிய கருவிகளை மீட்டினார். 1604இல் கச்சீனி குடும்பம் பிரான்ஸ் சென்றபோது, அவரது பாட்டைக் கேட்ட மன்னர் நான்காம் ஹென்றி அவரைத் தம் அரண்மனையிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். புளோரன்ஸ் ஆட்சியாளர் அதற்கு இணங்கவில்லை. 1607இல், தமது இருபதாவது வயதில், மாதம் 10 ஸ்குடி சம்பளத்தில் அவர் மெடிசி அரண்மனைப் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அச்சம்பளம் இருமடங்காகியது.

அங்கே அவர் பாடினார், இளம் பெண்களுக்குப் பாடக் கற்பித்தார், நாடகங்களுக்கும் விழாக்களுக்கும் இசை எழுதினார். ஓவியர் மைக்கலாஞ்சலோவின் பேரன் முறையினரான அதே பெயருடைய கவிஞர் ஒருவர் அவருக்கு நாடகப் பாடல்களை எழுதிக் கொடுத்தார். 1618இல் பிரான்செஸ்கா 36 பாடல்களைத் தொகுத்துத் தம் பெயரிலேயே அச்சிட்டார். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அப்போது புளோரன்ஸில் ஆட்சி உரிமை கொண்ட இளவரசர் சிறுவராக இருந்தமையால், அவரது தாயும் பாட்டியும் அவருக்காக ஆட்சி நடத்தினர். 1625 பெப்ரவரி 3ஆம் திகதி, போலந்து இளவரசரை வரவேற்கும் விழாவில் பிரான்செஸ்காவின் ஒபெரா அரங்கேறியது. ருஜ்ஜேரோ என்ற வீரனை மாயக்காரி அல்சீனா ஒரு தீவில் மயக்கி வைத்திருக்கிறாள். மெலிஸா என்ற இன்னொரு பெண் வந்து அவனை மீட்கிறாள். ஒரு பெண் இயற்றி இன்று எமக்குக் கிடைக்கும் ஒபெராக்களுள் காலத்தால் முந்தியது இதுவே. இதற்கு அடுத்த ஆண்டில்தான் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி மன்னன் செனரத் அவர்களை மட்டக்களப்பில் குடியமர்த்தினான்.

1626இன் இறுதியில் பிரான்செஸ்காவின் கணவர் இறந்தார். லூக்கா நகரத்தவர் ஒருவரை அவர் மறுமணம் செய்தார். ஒரு மகன் பிறந்தான். 1630இல் அந்தக் கணவரும் இறந்துவிட்டார். கொள்ளைநோயால் வழிகள் மூடப்பட்டிருந்தன. நோய் தணிந்த பின்னரே பிள்ளைகளுடன் புளோரன்ஸ் திரும்பி, மீண்டும் அரண்மனையில் பாடவும் கற்பிக்கவும் தொடங்கினார்.

1637இல் நடந்த ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அவரது மகள் மார்கரிட்டாவை நாடக மேடையில் பாடுமாறு அரண்மனை கேட்டபோது பிரான்செஸ்கா மறுத்துவிட்டார். மகளின் எதிர்காலமும் மகனின் மதிப்பும் அதனால் பாதிக்கப்படும் என்று அஞ்சினார். மன்னர்கள் முன்னிலையில் பாடி வாழ்ந்த அவர் இப்படி மறுத்தது முதலில் எனக்கு முரணாகத் தோன்றியது. பிறகுதான், மேடையில் கிடைக்கும் புகழையும் மேடைக்கு வெளியே ஊர் பேசும் பேச்சையும் அறிந்த தாயால்தான் அப்படி மறுக்க முடியும் என்று புரிந்தது. எங்கள் வீடுகளிலும் உம்மாமாருக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

1641 மே மாதம் அவர் அரண்மனைப் பணியிலிருந்து விலகினார். அதன் பின் அரண்மனைப் பதிவுகளில் அவர் பெயர் இல்லை. அவர் இசையமைத்த நாடகங்களுள் எஞ்சியது அந்த ஒரு ஒபெரா மட்டுமே. அதுவும் 1618இன் நூலும் பிழைத்ததற்குக் காரணம் அவை அச்சேறியமைதான். அவரது குரலைக் கேட்டவர் இன்று யாருமில்லை. ஆனால் அவர் எழுதியதை உலகெங்கும் இன்றும் பாடுகிறார்கள்.

நம் மலையகத்திலும் பெண்கள் எத்தனையோ பாடல்களைக் கட்டியிருக்கிறார்கள். கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பிறந்த தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல் பலவற்றை எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அதனால் அப்பாடல்கள் தப்பின. அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர்கள் தப்பவில்லை.

பிரான்செஸ்காவைப் பற்றி வாசித்த பின்னர், என் உம்மம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டுகளை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இதுவரை 11 சேர்ந்திருக்கின்றன. சிலவற்றில் நடுவிலுள்ள அடிகள் அவருக்கே மறந்துவிட்டன. அந்த இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் அதை அவருக்குப் பாடிக் கொடுத்தவரின் பெயரை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருப்பார். இந்த விடுமுறையில் ஒரு கொப்பியுடன் அவர் அருகில் போய் உட்காருங்கள்.